பிஹெச்டிக்கு கோர்ஸ்வொர்க் வேணுமா, ஒரு நல்ல கைடு போதுமா?

4 ஜனவரி, வந்த கேள்வி

அக்கா, சமூகவியல்ல பிஹெச்டி சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. முதல் வருஷம் முழுக்க கோர்ஸ்வொர்க்காம். ஆராய்ச்சி முறைகள், கோட்பாடு, புள்ளியியல்னு வாரத்துல நாலு நாள் வகுப்பு. எனக்கு என்ன ஆராய்ச்சி பண்ணணும்னு தெளிவா தெரியும், கைடும் நல்லவர். நல்ல கைடு ஒருத்தர், நல்ல லைப்ரரி, மூணு வருஷ நேரம், இது போதாதா? எம்.ஏ.ல படிச்சதையே திரும்ப உக்காந்து படிக்கிறது வீண்னு தோணுது. பிஹெச்டியை இப்படி வகுப்பு வகுப்பா அமைச்சது யாரு, எதுக்கு?

4 ஜனவரி, இரவு 10.40

வீண் இல்ல தம்பி. நானும் முதல் வருஷம் இதையேதான் சொல்லிட்டு திரிஞ்சேன், அதனால உன் கோபம் புரியுது. வீடு வீடா போய் கேக்க நான் தயாரிச்ச கேள்வித்தாள்ல 17வது கேள்விக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன் கேளு.

என் தலைப்பு குடும்பங்களோட கடன். யார்கிட்ட வாங்குறாங்க, எதுக்கு வாங்குறாங்க, எப்படி அடைக்கிறாங்க. கேள்வித்தாள் 6 பக்கம், 52 கேள்வி, அதுல 17வது "உங்கள் குடும்பத்தின் மொத்தக் கடன் எவ்வளவு?" கீழ ஒரே ஒரு கட்டம். முதல் 28 வீட்லயும் அந்தக் கட்டம் சிக்கல் இல்லாம நிரம்பிடுச்சு, ஏன்னா 28 வீட்லயும் பதில் சொன்னது வீட்டு ஆம்பளைங்க. 29வது வீட்ல அவர் வெளிய போயிருந்தார், அந்த அம்மா மட்டும்தான். அவங்க கட்டத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "எந்தக் கடனைச் சொல்ல? என்னோடதா, அவரோடதா? அவருக்கு தெரியாம நான் வாங்கினது ஒண்ணு இருக்கு, அதையும் இதுல எழுதிடுவியா?"ன்னு கேட்டாங்க. நான் பேனாவை மூடிட்டேன். அதுவரைக்கும் வாங்கின 28 பதிலும் பாதி பதில்தான்னு அந்த நிமிஷம் தெரிஞ்சுது. ரெண்டு மாச வேலை. திரும்ப முதல் வீட்லேர்ந்து ஆரம்பிச்சேன்.

குடும்பத்தை ஒரே அலகா எடுத்துக்கலாமா, ஒரே கூரைக்கு கீழ ரெண்டு கணக்கு ஓடுமா, இதைப் பத்தி முறைகள் வகுப்புல ஒரு வாரம் பாடம் நடந்துச்சு. நான் அந்த வாரம் வகுப்புக்கு போகாம லைப்ரரில உக்காந்திருந்தேன். வகுப்புக்கு போயிருந்தா அந்த ரெண்டு மாசம் மிஞ்சியிருக்கும். அதனால சொல்றேன், போ, உக்காரு.

5 ஜனவரி, காலை 6.15

"யாரு அமைச்சது"ங்கிற பாதிக்கு நேத்து பதில் சொல்லாம விட்டுட்டேன்.

பிஹெச்டி முறைல ரெண்டு வகைன்னு வச்சுக்கலாம். ஒண்ணு ஜெர்மன் வழி. 1810ல பெர்லின் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சதுக்கப்புறம், ஆராய்ச்சி பண்றவன்தான் சொல்லிக்கொடுக்கணும், படிக்க வர்றவனும் ஆராய்ச்சில ஒரு கை போடணும்ங்கிற எண்ணம் வலுத்துச்சு. ஒரு பேராசிரியர், அவரைச் சுத்தி சில மாணவர்கள், ஒரு செமினார் அறை. கைடுக்கு அவங்க வச்ச பேரே டாக்டர்-அப்பா. பேர்லயே அமைப்பு தெரிஞ்சிடுது பாரு, அப்பா நல்லவரா அமைஞ்சா பிழைச்ச.

இன்னொண்ணு அமெரிக்க வழி. யேல் 1861ல அங்க முதல் பிஹெச்டியை குடுத்துச்சு, 1876ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியை மையமா வச்சு ஆரம்பிச்சாங்க, 1892ல சிகாகோல சமூகவியலுக்குன்னு தனித் துறையே வந்துச்சு. ஜெர்மனி போய் படிச்சுட்டு வந்தவங்கதான் செமினாரை கொண்டு வந்தாங்க, ஆனா அதை அப்படியே வைக்கல. மாணவன் துறைக்கு சொந்தம், ஒரு ஆளுக்கு இல்லன்னு மாத்தினாங்க. ரெண்டு வருஷம் போல வகுப்பு, அப்புறம் பெரிய பரீட்சை, அப்புறம் ஆய்வுத் திட்டத்தை கமிட்டி முன்னாடி வைக்கிறது, அதுக்கப்புறம்தான் தீசிஸ்.

பிரிட்டன் ரொம்ப தாமதம். ஆக்ஸ்ஃபோர்டு இந்தப் பட்டத்தை கொண்டு வந்ததே 1917லதான். அங்க நெடுங்காலம் வகுப்பே கிடையாது, சேர்ந்த நாள்லேர்ந்து தீசிஸ்தான். நீ கேக்குற மாதிரி. நல்ல கைடு, நல்ல லைப்ரரி, மூணு வருஷம்.

5 ஜனவரி, மதியம் 1.30

காலைல எழுதினதுல ஒரு திருத்தம். படிக்கிறவங்க ஜெர்மனில இன்னைக்கும் வகுப்பே இல்லன்னு நினைச்சுடக்கூடாது. 1990லேர்ந்து அவங்க ஆராய்ச்சி நிதிக் கழகம், பத்து இருபது மாணவர்கள் சேர்ந்து ஒரே பொருளைச் சுத்தி படிக்கிற ஆய்வுக் குழுக்களுக்கு பணம் குடுக்குது. டாக்டர்-அப்பா போயிடல, பக்கத்துல சித்தப்பா பெரியப்பாவும் வந்திருக்காங்க. பிரிட்டன்லயும் சமூக அறிவியலுக்கு நிதி குடுக்கிற கவுன்சில் ஒண்ணு கூட்டல் மூணுன்னு ஒரு முறை கொண்டு வந்துச்சு, ஒரு வருஷம் ஆராய்ச்சிப் பயிற்சி முதுநிலை, மூணு வருஷம் தீசிஸ். ஐரோப்பா முழுக்க 2005ல சால்ஸ்பர்க்ல கூடி பத்து கொள்கை எழுதினாங்க, முழுநேரம்னா மூணுலேர்ந்து நாலு வருஷம்னு அதுல இருக்கு. இந்தியால 2009 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிலேர்ந்து கோர்ஸ்வொர்க் கட்டாயம், 2022 விதில எம்ஃபில் எடுத்தாச்சு, பிஹெச்டி குறைஞ்சது 3 வருஷம், அதிகம் 6 வருஷம்.

ஆக எல்லாரும் ஏதோ ஒரு அளவுக்கு வகுப்பு பக்கம்தான் நகர்ந்திருக்காங்க. உன்னைச் சிரமப்படுத்த யாரோ ஒருத்தர் உக்காந்து கண்டுபிடிச்சது இல்ல. தனியா விட்டா நிறைய பேர் வழிதவறிப் போறாங்கன்னு பாத்து பாத்து வந்த மாற்றம்.

8 ஜனவரி, இரவு 11.50

வகுப்பு முடிஞ்சதுக்கப்புறம் என்னன்னு யாருமே கேக்கல, அதுதான் எனக்கு பெரிய விஷயம்.

அமெரிக்க வழில வகுப்பு, பரீட்சை எல்லாம் முடிச்சு தீசிஸ் மட்டும் பாக்கி இருக்கிறவங்களுக்குன்னு தனிப் பேரே வச்சிருக்காங்க, "தீசிஸ் தவிர எல்லாம் முடிச்சவர்". பட்டம் மாதிரி சொல்வாங்க, பட்டம் இல்ல. அந்த நிலைக்கு ஒரு பேர் தேவைப்படுதுன்னா எத்தனை பேர் அங்க நின்னு போயிருப்பாங்கன்னு யோசி. அங்க முதுநிலைப் பள்ளிகளோட கவுன்சில் ஒரு பெரிய கணக்கு எடுத்துச்சு, 2008ல வெளியாச்சு. சேர்ந்து பத்து வருஷம் ஆனதுக்கப்புறம் சமூக அறிவியல்ல முடிச்சிருந்தவங்க 56 சதவீதம். பத்து வருஷம்! இவங்க எல்லாம் கோர்ஸ்வொர்க் படிச்சவங்கதான், பரீட்சை எழுதித் தேறினவங்களும் அதுல நிறைய.

என்கூட சேர்ந்தவ ஒருத்தி, பேர் வேணாம். எங்க பேட்ச்லயே அவதான் கெட்டிக்காரி. வகுப்புல அவ கேள்வி கேட்டா பேராசிரியர் சாக்பீஸை கீழ வச்சுட்டு யோசிப்பார். ஃபீல்டுக்கு போனா, ஒரு வருஷம் கழிச்சு வந்தா, 14 மாசம் யார்கிட்டயும் ஒரு பக்கம் காட்டல. எதுவும் எழுதலன்னு நாங்க நினைச்சோம். அவ அறைக்கு போனப்ப மேஜை மேல ஒரே சாப்டரோட முதல் பத்தி, பிரிண்ட் எடுத்து எடுத்து அடுக்கியிருந்தா. எண்ணிப் பாத்தேன், 31 தாள். எல்லாம் முதல் பத்திதான், ஒவ்வொண்ணும் வேற வேற. 14 மாசத்துல யாரும் அவளை "இருக்கிறதை குடு, படிக்கிறேன்"னு கேக்கல. கைடு, அவ கேட்டா பாப்பார். அவ, எழுதி முடிச்சா குடுப்பா. ரெண்டு பேரும் மரியாதையா ஒருத்தருக்கொருத்தர் காத்துட்டு இருந்தாங்க.

அவ முடிக்கல. வேற வேலைக்கு போய் நல்லா இருக்கா, ஆனா எனக்கு அந்த 31 தாள் இன்னும் மனசுல இருக்கு.

9 ஜனவரி, காலை 7.05

ஒருத்தர் கேட்டிருந்தார், அப்போ முடிக்காம போனவங்களுக்கு திறமை போதலன்னு ஏன் சொல்லக்கூடாதுன்னு. சொல்லக்கூடாது. நான் கிட்ட இருந்து பாத்தேன்.

13 ஜனவரி, இரவு 9.30

நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

நம்ம ஊர் சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ் ரெண்டு டாக்டரேட் வாங்கினவர், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தகவலை வச்சு. முதல்ல பம்பாய்ல கூரியேங்கிற பேராசிரியர்கிட்ட, கூர்க் மக்களைப் பத்தி, 1944ல. அது ரொம்பப் பெரிய தீசிஸ், சடங்கு, கதை, பாட்டு, வழக்கம்னு சேகரிச்சதெல்லாம் அதுல இருந்துச்சு. அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு போறார். அங்க மானுடவியல் பேராசிரியர் ராட்கிளிஃப்-பிரௌன், கூர்க் தகவலையே திரும்ப எடு, ஆனா இந்தச் சடங்கெல்லாம் அந்தச் சமூகத்தை எப்படி பிடிச்சு நிறுத்துதுன்னு பாருன்னு திருப்பி விடுறார். அவர் 1946ல ஓய்வு பெற்றதும் எவன்ஸ்-பிரிட்சார்ட் கைடா வர்றார். 1947ல பட்டம், 1952ல புத்தகம். இன்னைக்கும் சமூகவியல் படிக்கிறவங்க கைல எடுக்கிற புத்தகம் அந்த ரெண்டாவது தடவை எழுதினதுலேர்ந்து வந்தது.

நடுவுல என்ன மாறிச்சு? ஆள் அதே ஆள். கூர்க் அதே கூர்க். படிச்சவங்க மாறினாங்க. படிச்சுட்டு கேட்ட கேள்வி மாறிச்சு. பம்பாய் மட்டம், ஆக்ஸ்ஃபோர்டு உசத்தின்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொன்னா அபத்தம். கூரியே சேகரிக்க வைக்கலன்னா ஆக்ஸ்ஃபோர்டுல பேசறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது. ரெண்டு வேற வேற படிப்பாளிகிட்ட ஒரே வேலை போனதால ரெண்டாவது தடவை வேற ஒண்ணா ஆச்சு, அவ்வளவுதான் என் பேச்சு. நம்மள்ல யாருக்கும் ரெண்டு டாக்டரேட்டுக்கு நேரம் இல்ல. ஒரே டாக்டரேட்டுக்குள்ள அந்த ரெண்டாவது படிப்பை எப்படிக் கொண்டு வர்றது?

மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி லண்டன்ல நடத்தின செமினார் இதுக்கு ஒரு வழி. மாணவங்க ஃபீல்டுலேர்ந்து கொண்டு வந்ததை எல்லார் முன்னாடியும் படிப்பாங்க, எல்லாரும் கேள்வி கேப்பாங்க. பின்னாடி கென்யாவோட அதிபரான ஜோமோ கென்யாட்டா தன் சொந்த கிக்குயு மக்களைப் பத்தி எழுதினது அந்த அறைல அலசப்பட்டுத்தான் 1938ல புத்தகமா வந்துச்சு. சிகாகோல இன்னொரு வழக்கம் இருக்கு, கட்டுரையை முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பிடுவாங்க, வந்து உக்காந்ததும் நேரா கேள்விதான். எழுதினவர் ஸ்லைடு போட்டு தப்பிக்க முடியாது, படிக்காம வந்தவரும் தப்பிக்க முடியாது.

தம்பி கேட்ட கேள்வி, கோர்ஸ்வொர்க்கா கைடான்னு. பத்து நாளா இதையே யோசிச்சு எனக்கு இப்ப தோணுறது, கேள்வி அங்க இல்ல. நீ எழுதினதை எத்தனை பேர், எந்தக் கட்டத்துல, எவ்வளவு நாளுக்குள்ள படிக்கிறாங்க? அதைத்தான் ஒரு துறையோட அமைப்புன்னு சொல்லணும். மத்ததெல்லாம் கால அட்டவணை.

14 ஜனவரி, மாலை 5.20

முதல் நாள் எழுதினதுல ஒரு பெரிய தப்பு இருக்கு, சொல்லியே ஆகணும்.

அந்த வாரம் வகுப்புக்கு போகலன்னு எழுதினேன்ல. நேத்து எழுதினதுக்கப்புறம் மனசு உறுத்தி பழைய பெட்டியைத் திறந்து முறைகள் வகுப்பு நோட்டை எடுத்துப் பாத்தேன். போயிருக்கேன். தேதி போட்டு, என் கையெழுத்துல ஒன்றரைப் பக்கம் இருக்கு. "குடும்பம் ஒரே பணப்பை இல்லை. கணவன், மனைவி தனித்தனியாகக் கேட்க வேண்டும்." அடில ரெண்டு கோடு வேற போட்டிருக்கேன். சிவப்பு மையில.

இத்தனை வருஷமா வகுப்பை விட்டதாலதான் தப்பு பண்ணேன்னு நானே நம்பி, உன்னை மாதிரி எத்தனையோ பேர்கிட்ட புத்தி சொல்லியிருக்கேன். உண்மை என்னன்னா கேட்டேன், எழுதினேன், கோடு போட்டேன், பரீட்சைலயும் எழுதியிருப்பேன், ஆறு மாசம் கழிச்சு கேள்வித்தாள் போட்டப்ப ஒரே கட்டம்தான் போட்டேன். ஏன்னா வகுப்புல அது யாரோ ஒருத்தரோட ஆராய்ச்சியைப் பத்தின பாடம். என் கேள்வித்தாளைப் பத்தி யாரும் பேசல, அப்ப என்கிட்ட கேள்வித்தாளே இல்ல.

அந்த 52 கேள்வியை ஃபீல்டுக்கு போறதுக்கு முன்னாடி யார் படிச்சாங்கன்னு யோசிச்சேன். கைடு படிச்சார், எழுத்துப்பிழை திருத்தினார். வேற யாரும் இல்ல. பேட்ச்ல ஏழு பேர் இருந்தோம், அதுல ரெண்டு பேர் பெண்களோட வேலையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்க. அவங்ககிட்ட அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா 17வது கேள்வியில விரலை வச்சிருப்பாங்க. குடுக்கணும்னு தோணல. குடுன்னு எந்த விதியும் சொல்லல.

அதனால என் முதல் பதிலை மாத்திக்கிறேன். கோர்ஸ்வொர்க் வேணும், ஆனா எல்லாத்தையும் முதல் வருஷத்துல கொட்டிடுறது சரியில்ல. முறைகள் வகுப்புல பாதியை ஃபீல்டுலேர்ந்து திரும்பி வந்தவங்களுக்கு வைக்கணும், அவங்கவங்க நோட்டை மேஜைல விரிச்சு வச்சு. அப்ப எடுக்கிற பாடம் ஒட்டும். முதல் வருஷ வகுப்புலயும் சொந்தக் கேள்வித்தாள், சொந்த நேர்காணல் ஒண்ணு ரெண்டை வச்சுத்தான் பயிற்சி நடக்கணும்.

தம்பி, "போ, உக்காரு"ன்னு அன்னைக்கு சட்டுனு சொல்லிட்டேன். போ. ஆனா உன் கேள்வித்தாளை கைல எடுத்துட்டு போ.

17 ஜனவரி, இரவு 10.10

பணத்தைப் பத்தி ஏன் பேசலன்னு கேட்டவருக்கு.

அமெரிக்க சமூகவியலாளர் டு பாய்ஸ் 1892ல பெர்லின் போனார். ஷ்மோலர், வாக்னர் மாதிரி ஆளுங்ககிட்ட பொருளாதாரம் படிச்சார், ஷ்மோலர் அவருக்கு ஆதரவாவே இருந்தார். ஆனா பட்டத்துக்கு அங்க தங்கியிருக்க வேண்டிய அரையாண்டுக் கணக்கு நிறையல, ஸ்காலர்ஷிப் குடுத்த அறக்கட்டளை நீட்டிக்க மாட்டேன்னுடுச்சு. 1894ல திரும்பிட்டார். 1895ல ஹார்வர்டுல டாக்டரேட் வாங்கினார், அங்க அதை வாங்கின முதல் கறுப்பினத்தவர். அவருக்கு அறிவு போதலன்னு யாராவது சொல்ல முடியுமா? ஒரு விதியும் ஒரு நிதியும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தல, அதுதான் நடந்துச்சு. விதி ஒரு மேஜைல எழுதுறாங்க, நிதி இன்னொரு மேஜைல. இன்னைக்கும் 5 வருஷம் ஆகுற வேலைக்கு 3 வருஷ ஃபெலோஷிப் குடுக்கிற இடத்துல எல்லாம் நடக்கிறது இதேதான்.

ஸ்வீடன் இதை 1998ல நேரா பிடிச்சாங்க. நாலு வருஷத்துக்கும் பணத்துக்கு வழி இருந்தாத்தான் மாணவனைச் சேர்க்கணும்னு விதி. சேர்றவங்க எண்ணிக்கை குறைஞ்சுது, அதுக்கு அங்கயே எதிர்ப்பும் இருந்துச்சு. வசதி இல்லாதவனுக்கு கதவைச் சாத்துறதான்னு கேட்டா, எனக்கு ரெண்டு மனசு. பணமில்லாம உள்ள விட்டு ஆறாவது வருஷம் வெளிய தள்ளுறது அதைவிடக் கொடுமைன்னு நினைக்கிறேன்.

ஆனா பணம் மட்டும் போதாது. அமெரிக்கால மெலன் அறக்கட்டளை 1991லேர்ந்து 2000 வரைக்கும் பத்து பல்கலைக்கழகத்துல 54 துறைக்கு, மானுடவியல், அரசியல் அறிவியல் உட்பட, பெரிய தொகை குடுத்து, சீக்கிரம் முடிக்க வைங்க, பாதில போறவங்களைக் குறைங்கன்னு கேட்டாங்க. முன்னேற்றம் வந்துச்சு, எதிர்பார்த்ததைவிடக் கம்மியாத்தான். எப்ப என்ன எதிர்பார்க்கிறோம்னு துறை தெளிவா சொல்றது, கைடு நேரத்துக்கு பதில் சொல்றது, இதெல்லாம் பணத்தோட சேர்ந்து நடந்தாத்தான் பலன்னு அதை ஆராய்ஞ்சவங்க எழுதியிருக்காங்க. அந்த 31 தாளுக்கு ஃபெலோஷிப் இருந்துச்சு. அவளுக்குப் பணக்கஷ்டம் இல்லவே இல்ல.

18 ஜனவரி, காலை 6.40

ஸ்ரீனிவாஸ் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன், தலைப்புக்கு வெளியதான். 1970 ஏப்ரல்ல அவர் அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டுல ஒரு ஆய்வு மையத்துல இருந்தப்ப அந்த மையத்துக்கு யாரோ தீ வச்சாங்க. ஒரு கிராமத்தைப் பத்தி வருஷக்கணக்கா ஒழுங்குபடுத்தி எழுதி வச்சிருந்த குறிப்பு, மூணு பிரதி, மூணும் அந்த அறைலயே இருந்துச்சு, மூணும் போச்சு. அப்புறம் நினைவுல இருந்தே எழுதி 1976ல புத்தகம் கொண்டு வந்தார். அது அவரோட மனவலிமை, நமக்கு அது இருக்கும்னு நம்பி இருக்கக்கூடாது. ஃபீல்டுநோட் ரெண்டு பிரதி எடுத்து ரெண்டு வேற வேற இடத்துல வைங்க. இன்னைக்கே. இதை எந்தக் கோர்ஸ்வொர்க்லயும் முதல் நாள் சொல்லணும்.

21 ஜனவரி, இரவு 11.15

"உங்க கைடு எப்படி"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. எனக்கு ரெண்டு கைடு. முதல்ல இருந்தவர் கெட்டவர் இல்ல, அறிவாளி, ஆனா மூணாவது சாப்டரை ஏழு மாசம் வச்சிருந்தார். மாசம் ஒரு தடவை போய் கதவுகிட்ட நிப்பேன், "பாத்துட்டு இருக்கேன்மா"ம்பார். அவர்கிட்ட அப்ப 11 பேர் பிஹெச்டி பண்ணிட்டு இருந்தாங்க. ஏழாவது மாசம் திருப்பிக் குடுத்தார், கடைசிப் பக்கத்துல "நன்று, தொடரவும்". 64 பக்கத்துக்கு ரெண்டு வார்த்தை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பக்கமா புரட்டினேன், வேற எங்கயாவது பேனா பட்டிருக்கான்னு.

அவர் வேற ஊருக்கு மாறிப் போனதும் என்னை இன்னொரு மேடம்கிட்ட மாத்தினாங்க. அதே சாப்டர். ஒன்பது நாள்ல வந்துச்சு. ஓரமெல்லாம் பென்சில். 11வது பக்கத்துல நான் "கடன் வாங்குவது இக்குடும்பங்களில் அவமானமாகக் கருதப்படுகிறது"ன்னு எழுதியிருந்தேன். "கருதப்படுகிறது"வைச் சுத்தி ஒரு வட்டம், பக்கத்துல "யாரால்?"னு ஒரே வார்த்தை. மூணு நாள் அந்த ஒரு வார்த்தைக்கு பதில் தேடி நோட்டெல்லாம் திரும்பப் படிச்சேன். அவமானம்னு சொன்னது எல்லாம் கடன் குடுத்தவங்களும் ஆம்பளைங்களும். வாங்கி அடைச்சுட்டு இருந்த பெண்கள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல, அவங்க சொன்னது "பாரம்". என் தீசிஸோட மையமே அதுக்கப்புறம் அதுதான் ஆச்சு. அவமானம் யாருக்கு, பாரம் யாருக்கு.

இதை அதிர்ஷ்டம்னு விட எனக்கு மனசு வரல. முதல் கைடு இடம் மாறலன்னா எனக்கு அந்த "யாரால்?" கிடைச்சிருக்காது. ஒரு மனுஷன் இடம் மாறுறதை நம்பி ஒரு படிப்பை அமைக்கக் கூடாதுல்ல. ஒரு சாப்டர் குடுத்தா இத்தனை நாளுக்குள்ள எழுத்துல கருத்து வரணும், ரெண்டாவது ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர்கிட்ட இத்தனை பேருக்கு மேல இருக்கக்கூடாது. இந்த மூணும் எழுத்துல இருக்கணும். சில இடத்துல கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. யுஜிசி விதில ஆய்வு ஆலோசனைக் குழு முன்னாடி அரையாண்டுக்கு ஒரு தடவை வேலையைக் காட்டணும், ஒரு பேராசிரியர் எத்தனை பேரை வச்சுக்கலாம்ங்கிறதுக்கும் வரம்பு உண்டு. ஆனா காட்டுறதும் படிக்கிறதும் ஒண்ணில்ல. பதினஞ்சு நிமிஷம் ஸ்லைடு ஓட்டிட்டு கையெழுத்து வாங்கிட்டு வர்ற இடத்துல குழு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

22 ஜனவரி, மதியம் 2.45

வைவா, அதாவது தீசிஸ் முடிஞ்சதும் நடக்கிற வாய்மொழித் தேர்வு, பத்தி சுருக்கமா. பிரிட்டன்ல கதவைச் சாத்திட்டு நடக்கும், கைடு பரிசோதகரா இருக்க முடியாது, பரிசோதகர் அதே பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒருத்தர், வெளிய இருந்து ஒருத்தர். நெதர்லாந்துல எல்லார் முன்னாடியும், நேரம் முடிஞ்சதும் ஒருத்தர் கோலைத் தட்டி "நேரம் ஆச்சு"ன்னு லத்தீன்ல சொல்வார், பாதி வாக்கியத்துல இருந்தாலும் நிறுத்திடணும். ஸ்வீடன்ல எதிர்வாதின்னே ஒருத்தரை வெளிய இருந்து கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் கேள்வி கேக்க வைப்பாங்க, அதுக்கு சில வாரம் முன்னாடி தீசிஸை ஆணி அடிச்சு மாட்டுற பழக்கமும் உண்டு, யார் வேணா படிச்சுட்டு வரலாம்னு. எனக்கு ஸ்வீடன் முறை பிடிக்கும், ஏன்னா அந்த எதிர்வாதி முழுசா படிச்சுத்தான் ஆகணும், படிக்கலன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். ஆனாலும் இதெல்லாம் கடைசி நாள். கடைசி நாள் வர்ற கேள்வி எவ்வளவு நல்லதா இருந்தாலும் திரும்ப ஃபீல்டுக்கு போக முடியாது.

25 ஜனவரி, இரவு 8.55

மூணு கட்டுரையை சேர்த்துக் கட்டின தீசிஸா, ஒரே புத்தகம் மாதிரி தீசிஸான்னு கேட்டவருக்கு: பொருளாதாரத்துல மூணு கட்டுரை வழக்கமாயிடுச்சு, அரசியல் அறிவியல், சமூகவியல்லயும் வந்துட்டு இருக்கு. நான் முன்னாடி கட்டுரை வழிக்கு எதிரா பேசிட்டு இருந்தேன், வேலையை துண்டு போடுறாங்கன்னு. இப்ப அவ்வளவு உறுதி இல்ல. கட்டுரையை பத்திரிகைக்கு அனுப்பினா முன்பின் தெரியாத ரெண்டு பேர் படிச்சு எழுதியாகணும், அதுவும் பட்டம் வாங்குறதுக்கு முன்னாடியே. அது பெரிய லாபம். மானுடவியல், வரலாறுல ஒரு இடத்துல வருஷக்கணக்கா இருந்து பாத்ததை மூணு துண்டாக்கினா உயிர் போயிடும், அங்க புத்தக வடிவம்தான் சரி. அப்படி எழுதுறவங்க அந்த வெளி ஆள் படிப்பை வேற வழில தேடிக்கணும்.

30 ஜனவரி, காலை 6.30

தம்பி எழுதியிருக்கான், பேட்ச்ல மூணு பேர் சேர்ந்துட்டாங்களாம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை உக்காரப் போறாங்களாம், எப்படி நடத்துறதுன்னு கேக்குறான். ரொம்ப சந்தோஷம்பா. எங்க மேடம் நடத்தின விதத்தையே சொல்றேன்.

12 பக்கத்துக்கு மேல குடுக்காதே, மூணு நாள் முன்னாடி குடு. முடிச்சுட்டு குடுக்கிறேன்னு வச்சுக்காதே, கேள்வித்தாளா இருந்தாலும் சரி, ஒரு நேர்காணலோட எழுத்துவடிவமா இருந்தாலும் சரி, பாதில நிக்கிற பத்தியா இருந்தாலும் சரி. நேர்காணலா இருந்தா பேர், ஊர் எல்லாம் எடுத்துட்டு குடு, அவங்க உன்னை நம்பித்தான் பேசினாங்க. மேல ஒரு வரி எழுது, "இதுல எனக்கு சந்தேகம் இது". உக்காந்ததும் முதல் இருபது நிமிஷம் எழுதினவன் வாயைத் திறக்கக் கூடாது. இது ரொம்ப கஷ்டம், கை பரபரக்கும், "இல்ல இல்ல, நான் சொல்ல வந்தது"ன்னு நாக்கு நுனில நிக்கும். திறக்காதே, நோட்ல எழுது. மத்தவங்க அது என்ன சொல்லுதுன்னு தங்களுக்குள்ள பேசட்டும். நீ சொல்ல வந்ததும் அவங்க படிச்சதும் எங்க பிரியுதுன்னு அந்த இருபது நிமிஷத்துலதான் காதுல விழும்.

உன் பேட்ச்ல புள்ளியியல் பண்ற பையன் ஒருத்தன் இருக்கான்னு சொன்ன, அவனையும் சேத்துக்கோ. உன் பொருளைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள் ஒருத்தர் கட்டாயம் வேணும்.

முதல் தடவை யாரோடதுன்னு முடிவாச்சா? உன் கேள்வித்தாளையே வையேன், ஃபீல்டுக்கு போறதுக்கு இன்னும் நேரம் இருக்கு.